பலகை அதேதான், கண்ணும் அதேதான்... பிறகு ஏன் தெரியவில்லை? அழுத்தம் வீரர்களின் பார்வையை என்ன செய்கிறது?

2013 நவம்பர் 21. தேனாம்பேட்டை ஹயாத் ரீஜென்சி ஹோட்டல். மயிலாப்பூர் லஸ் முனையில் ஆட்டோ பிடித்தால் கொஞ்ச நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும் தூரம். உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் 9-வது ஆட்டம் அங்கே நடந்துகொண்டிருந்தது. சொந்த ஊரில், சொந்த ஜனங்களுக்கு முன்னால், பட்டத்தைக் காப்பாற்ற வேண்டிய நெருக்கடியில் விஸ்வநாதன் ஆனந்த். எதிரே 22 வயது மேக்னஸ் கார்ல்சன், 5-3 என்று முன்னிலையில்.

வெள்ளைக் காய்களுடன் ஆடிய ஆனந்த், கார்ல்சனின் ராஜாவைச் சுற்றி வளைத்துத் தாக்கிக்கொண்டிருந்தார். கார்ல்சன் தன் சிப்பாயைக் கடைசிக் கட்டம் வரை ஓட்டி, புது ராணியாக்கி, செக் வைத்தார். அந்தச் செக்கைத் தடுக்க ஆனந்த் மந்திரியை நடுவில் வைத்திருக்கலாம். 28-வது நகர்வில் அவர் குதிரையை வைத்தார்.

குதிரை இடம் மாறியதும் அது இதுவரை அடைத்துக்கொண்டிருந்த ஒரு குறுக்குப் பாதை திறந்துகொண்டது. கார்ல்சனின் ராணி ஒரே ஒரு நகர்வில் அந்தப் பாதைக்கு வந்து நின்றது. ஆனந்தின் மொத்தத் தாக்குதலும் அங்கேயே செத்துப்போனது. அவர் உடனே தோல்வியை ஒப்புக்கொண்டார். மறுநாள் 10-வது ஆட்டம் டிரா. 6.5-3.5 என்ற கணக்கில் பட்டம் கைமாறியது.

ஐந்து முறை உலக சாம்பியனான ஒருவருக்கு, வெளிச்சம் நிறைந்த அறையில், கண்ணுக்கு எதிரே இருக்கும் 64 கட்டங்களில் ஒன்று எப்படித் தெரியாமல் போகும்? திறமைக் குறைவு என்று சொல்ல முடியாது. கவனக்குறைவு என்று சொல்லிவிட்டுப் போவதும் சரியாக இருக்காது. விளையாட்டு உளவியல் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் கேள்வி இது: அழுத்தம் கூடும்போது வீரர்கள் தங்களைச் சுற்றியிருப்பதைப் பார்க்கும் விதமே மாறிவிடுகிறதா?

ஆனந்த் மட்டும்தானா?

இல்லை. அடுத்த ஆண்டே இதன் இன்னொரு வடிவத்தை உலகம் பார்த்தது. 2014 நவம்பர் 15, ரஷ்யாவின் சோச்சி நகரம். மீண்டும் ஆனந்த் - கார்ல்சன், 6-வது ஆட்டம். இந்த முறை கார்ல்சன் 26-வது நகர்வில் ராஜாவைத் தவறான கட்டத்தில் வைத்துவிட்டார். குதிரையால் ஒரு சிப்பாயை வெட்டியிருந்தால் ஆட்டமே ஆனந்தின் பக்கம் சாய்ந்திருக்கும். ஆனால் ஆனந்த், ஏற்கெனவே மனதில் வைத்திருந்த திட்டப்படி வேறொரு சிப்பாயை நகர்த்தினார். கார்ல்சன் தப்பித்தார், அந்த ஆட்டத்தையும் ஜெயித்தார். எதிர்பார்க்காத நேரத்தில் கிடைக்கும் பரிசு சில சமயம் கண்ணில் படுவதே இல்லை என்கிற தொனியில் ஆனந்த் பிறகு பேசினார்.

பத்து ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். இன்னொரு சென்னைக்காரர், 18 வயது டி.குகேஷ். எதிரே நடப்பு சாம்பியன், சீனாவின் டிங் லிரென். 13 ஆட்டங்கள் முடிந்து 6.5-6.5 என்று சமநிலை. 14-வது ஆட்டமும் டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. டிரா ஆனால் மறுநாள் டைபிரேக்கர்.

55-வது நகர்வில் டிங் தன் யானையை நகர்த்தினார். பலகையின் மூலையில் மாட்டிக்கொண்டிருந்த தன் மந்திரியை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. யானைக்கு யானை, மந்திரிக்கு மந்திரி என்று வெட்டிக்கொண்டால், மிஞ்சுவது ராஜாக்களும் சிப்பாய்களும்தான். ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்த குகேஷுக்கு அது வெற்றி.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் இன்னொன்று. அந்தத் தவறு குகேஷுக்கே உடனே தெரியவில்லை. வேறொரு நகர்வை ஆடப்போய், கடைசி நேரத்தில்தான் அதைப் பார்த்ததாக அவர் ஆட்டத்துக்குப் பிறகு சொன்னார். டிங் அதைவிட ஒரு படி மேலே போய் ஒன்றைச் சொன்னார்: குகேஷின் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தையும் பரபரப்பையும் பார்த்த பிறகுதான், தான் செய்தது தவறு என்றே அவருக்கு உறைத்தது. அதாவது பலகை சொல்லாததை எதிராளியின் முகம் சொல்லியிருக்கிறது.

இந்த மூன்று ஆட்டங்களிலும் எல்லாவற்றுக்கும் அழுத்தம் ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. களைப்பு, கடிகாரம், முந்தைய ஆட்டங்களின் பாரம் எல்லாமே சேர்ந்துதான் வேலை செய்யும். ஆனால், பார்க்கத் தெரிந்தவர்களே பார்க்காமல் விட்டார்கள் என்பது மூன்றுக்கும் பொது.

சரி, மண்டைக்குள் என்ன நடக்கிறது?

இதற்குப் பழைய விளக்கம் ஒன்று உண்டு. 1959-ல் ஈஸ்டர்புரூக் என்ற உளவியலாளர், பதற்றமும் கிளர்ச்சியும் கூடக்கூட ஒருவர் சூழலிலிருந்து எடுத்துக்கொள்ளும் தகவல்களின் வட்டம் சுருங்குகிறது என்றார். டியூப் லைட் வெளிச்சத்தில் இருந்த அறையில் கரண்ட் போய், கையில் டார்ச் மட்டும் மிஞ்சியதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். டார்ச் அடிக்கும் இடம் பளிச்சென்று தெரியும். ஓரத்தில் இருப்பது இருட்டில் போய்விடும்.

கொஞ்சம் சுருங்குவது நல்லதுதான். தேவையில்லாத சத்தம், கூட்டம் எல்லாம் மறைந்துவிடும். சுருக்கம் அளவை மீறும்போதுதான் தேவையான தகவலும் சேர்ந்து மறைகிறது.

2007-ல் மைக்கேல் ஐசெங்க் உள்ளிட்டோர் இதை இன்னொரு கோணத்தில் விளக்கினார்கள். நம் கவனத்துக்கு இரண்டு ஓட்டுநர்கள். ஒருவர் நாம் போக நினைக்கும் இடத்துக்குக் கூட்டிப்போவார். மற்றவர் வழியில் எங்கே சத்தம் கேட்கிறதோ அங்கே வண்டியைத் திருப்புவார். பதற்றம் வந்தால் ஸ்டீயரிங் இரண்டாமவர் கைக்குப் போய்விடுகிறது. குறிப்பாக, எது நம்மை மிரட்டுகிறதோ அதன் பக்கமே வண்டி இழுக்கும்.

இது வெறும் தியரி இல்லை. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கால்பந்து வீரர்களுக்குக் கண் அசைவைப் பதிவுசெய்யும் கருவியை மாட்டி பெனால்டி கிக் அடிக்கவைத்தார்கள். 2009-ல் வெளியான அந்த ஆய்வில், பதற்றம் கூட்டப்பட்டபோது வீரர்கள் கோல்கீப்பரைச் சீக்கிரமாகவும் அதிக நேரமும் பார்த்தது தெரியவந்தது. கோல் போஸ்ட்டில் காலி இடம் தாராளமாக இருக்கிறது. ஆனால் கண் போவது தடுக்க நிற்கும் ஆளிடம். கண் போன இடத்துக்கே பந்தும் போனது: ஷாட்டுகள் கீப்பர் எட்டிப் பிடிக்கும் தூரத்துக்குள் விழுந்தன.

ஆபீஸ் பிரசன்டேஷனில் இருபது பேர் தலையாட்டிக்கொண்டிருக்க, முகத்தைச் சுளிக்கும் ஒரே ஒரு மேனேஜர் மட்டும் நம் கண்ணில் படுவதும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

சுவர் உயரமாகிறதா, கை குட்டையாகிறதா?

கவனம் சுருங்குவது ஒரு பக்கம். பார்க்கும் பொருளின் அளவும் தூரமும்கூட வேறாகத் தெரியுமா?

நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஒரு ஆய்வு இதில் முக்கியமானது. ஏறும் பயிற்சிக்கான சுவரில் ஒரே மாதிரியான பிடிமானங்களை இரண்டு இடங்களில் பொருத்தினார்கள். ஒன்று தரைக்குப் பக்கத்தில், இன்னொன்று உயரத்தில். வேலை ஒன்றுதான், பயம் மட்டும் வேறு. உயரத்தில் நின்றவர்கள், தங்கள் கை மேலே எவ்வளவு தூரம் எட்டும் என்பதைக் குறைத்து மதிப்பிட்டார்கள். உண்மையில் எட்டிய தூரமும் குறைந்திருந்தது. அதே தொடரில் இன்னொரு சோதனையில், ஏறும்போது சுற்றிலும் காட்டப்பட்ட சிறு விளக்கொளிகளில் குறைவானவற்றையே அவர்கள் கவனித்தார்கள்.

அதாவது சுவர் மாறவில்லை. ஆனால் 'இந்தச் சுவரில் என்னால் என்ன முடியும்' என்கிற கணக்கு மாறிவிட்டது. விளையாட்டு வீரருக்குச் சூழல் என்பது வெறும் காட்சி இல்லை. பீல்டர்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி, பேட்ஸ்மேனுக்கு ஒரு நாள் 'பவுண்டரி' என்று தெரியும், இன்னொரு நாள் 'அவுட்' என்று தெரியும். இடைவெளி என்னவோ ஒன்றுதான்.

அமெரிக்காவில் ஜெசிகா விட், டென்னிஸ் ப்ராஃபிட் ஆகியோர் 2005-ல் சாஃப்ட்பால் வீரர்களிடம் பல அளவு வட்டங்களைக் காட்டி, பந்தின் அளவு எது என்று கேட்டார்கள். அன்று நன்றாக அடித்தவர்கள் பெரிய வட்டத்தைக் காட்டினார்கள். 'இன்னிக்குப் பந்து ஃபுட்பால் மாதிரி தெரிஞ்சுது' என்று நம்மூர் பேட்ஸ்மேன்கள் சொல்வது நினைவுக்கு வருகிறதா? 2009-ல் அமெரிக்கக் கால்பந்தில் நடந்த ஆய்வில், உதைத்து முடித்த பிறகு கேட்டபோது, அதிகம் தவறவிட்டவர்களுக்கு கோல் கம்பங்கள் குறுகலாகத் தெரிந்தன. உதைப்பதற்கு முன் அப்படி ஒரு வித்தியாசம் இல்லை.

எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்களா?

இல்லை. இதில் பெரிய விவாதமே ஓடுகிறது. 2016-ல் ஃபயர்ஸ்டோன், ஷோல் என்ற இரு அறிவியலாளர்கள், இப்படிப்பட்ட பல ஆய்வுகளைக் கூறுபோட்டு விமர்சித்தார்கள். 'பந்து பெரிதாகத் தெரிந்தது' என்று ஒருவர் சொல்வதால், கண் அதைப் பெரிதாகப் பார்த்தது என்று ஆகிவிடாது. அது நினைவாகவோ தீர்ப்பாகவோ, ஆய்வாளர் எதிர்பார்ப்பதை ஊகித்துச் சொன்ன பதிலாகவோ இருக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

எனவே பாதுகாப்பாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்:

• அழுத்தம் கண் எங்கே போகிறது, எங்கே தங்குகிறது என்பதை மாற்றுகிறது. இதற்கு ஆதாரம் வலுவானது.
• ஓரத்தில் இருக்கும் தகவலைத் தவறவிட வைக்கிறது. இதற்கும் நல்ல ஆதாரம் உண்டு.
• 'என்னால் முடியுமா' என்ற மதிப்பீட்டை மாற்றுகிறது. இதற்கும் ஆதாரம் உண்டு.
• பந்தோ கம்பமோ நிஜமாகவே பெரிதாக, சிறிதாகத் 'தெரிகிறதா' என்பது இன்னும் தீராத வழக்கு.

உடம்பே தொலைந்துபோனால்?

சூழலைப் பார்ப்பது கண் மட்டும் இல்லை. உடம்பு வெளியில் எங்கே இருக்கிறது என்கிற உணர்வும் அதில் சேர்த்தி. 2021 ஜூலை 27, டோக்கியோ ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸ் குழு இறுதிப்போட்டி. வால்ட் பிரிவில் காற்றில் இரண்டரைச் சுழற்சி செய்யத் திட்டமிட்டு எழும்பிய சிமோன் பைல்ஸ், ஒன்றரையிலேயே இறங்கினார். அந்தரத்தில், தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் போகும் நிலை அது. ஜிம்னாஸ்ட்கள் அதை 'ட்விஸ்டீஸ்' என்கிறார்கள். தரை எந்தப் பக்கம் என்று தெரியாமல் இறங்கினால் கழுத்து போய்விடும். அவர் போட்டியிலிருந்து விலகினார்.

அப்போது கேலி செய்தவர்களும் உண்டு. அடுத்த வாரமே பீம் பிரிவில் வெண்கலம், 2024 பாரிஸில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி. விலகியது கோழைத்தனமா, சரியான முடிவா என்பதற்கு அந்தப் பதக்கங்கள் பதில் சொல்லிவிட்டன.

சொந்த ஊர் பலமா, பாரமா?

2013-ல் பலரும் கேட்ட கேள்வி இது. சென்னையில் ஆடியது ஆனந்துக்குச் சாதகமா, சுமையா? தாங்கள் பார்க்கப்படுகிறோம் என்ற உணர்வு கூடும்போது, தானாக நடக்க வேண்டிய செயலை வீரர்கள் ஒவ்வொரு படியாகச் சரிபார்க்கத் தொடங்குகிறார்கள் என்று ஒரு கருத்து உண்டு. படிக்கட்டில் இறங்கும்போது ஒவ்வொரு காலையும் பார்த்துப் பார்த்து வைத்தால் தடுக்கும் இல்லையா, அதுபோல.

1984-ல் ராய் பாமைஸ்டரும் ஸ்டைன்ஹில்பரும் அமெரிக்க பேஸ்பால் இறுதித் தொடர்களை ஆராய்ந்து, தீர்மானகரமான கடைசி ஆட்டங்களில் சொந்த மண் அணிகள் தடுமாறுவதாகச் சொன்னார்கள். ஆனால் 1995-ல் கூடுதல் ஆண்டுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்த வேறு ஆய்வாளர்கள், அந்த முடிவு நிற்கவில்லை என்றார்கள். ஆக, 'ஊர்க்காரங்க பார்த்தாலே தோத்துடுவோம்' என்று பொதுவிதி எதுவும் கிடையாது. கூட்டத்தை ஒருவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதைப் பொறுத்தே அது பலமாகவோ பாரமாகவோ ஆகிறது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு சென்னை உதாரணம் இருக்கிறது. 2022 அக்டோபர் 23, மெல்போர்ன் மைதானம். டி20 உலகக் கோப்பையில் இந்தியா - பாகிஸ்தான். 90 ஆயிரம் பேருக்கு மேல் கூட்டம். கடைசிப் பந்தில் 2 ரன் தேவை. அப்போதுதான் உள்ளே வருகிறார் மேற்கு மாம்பலத்துக்காரர் ரவிச்சந்திரன் அஸ்வின். அந்த நிலையில் யாராக இருந்தாலும் 'எப்படியாவது அடி' என்பதுதான் மனதில் ஓடும். நவாஸ் வீசிய பந்து லெக் சைடில் விலகிப் போனது. அஸ்வின் பேட்டை வீசவில்லை. விட்டுவிட்டார். வைடு. ஸ்கோர் சமம். அடுத்த பந்தை மிட்-ஆஃபுக்கு மேலே தூக்கி ஒரு ரன் எடுத்து ஆட்டத்தை முடித்தார்.

அடிப்பதற்கு ஷாட் தெரிந்தால் போதும். விடுவதற்குப் பந்து எங்கே போகிறது என்று பார்த்திருக்க வேண்டும்.

இதற்குப் பயிற்சி உண்டா?

உண்டு. இரண்டு வழிகள் நன்றாக ஆராயப்பட்டவை.

ஒன்று, கண்ணை நிலைநிறுத்துவது. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ் 1990-களில் கண்டது இது: தேர்ந்த வீரர்கள் உடம்பை அசைப்பதற்கு முன், இலக்கின் மீது கடைசியாக ஒரு பார்வையை நிலையாக வைக்கிறார்கள். தடுமாறுபவர்களைவிட அது நீளமானது. 'அமைதியான கண்' என்று இதை அழைக்கிறார்கள். பதற்றத்தில் முதலில் குலைவது இதுதான். கோல்ஃப், கூடைப்பந்து போன்றவற்றில் இதைத் தனியாகப் பழக்கியபோது, அழுத்தத்திலும் ஆட்டம் நிலைத்தது என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

இன்னொன்று, அழுத்தத்தையே பயிற்சிக்குள் கொண்டுவருவது. நெதர்லாந்தில் அவுடெயான்ஸ், பைபர்ஸ் ஆகியோரின் ஆய்வுகளில், லேசான பதற்றத்தோடு பழகியவர்கள், பிறகு அதைவிடப் பெரிய பதற்றத்திலும் தடுமாறவில்லை. பதற்றமே இல்லாமல் பழகியவர்கள் தடுமாறினார்கள். இதன் பொருள் திட்டுவதோ மிரட்டுவதோ அல்ல. பார்வையாளர்கள், சின்னப் பந்தயம், ஸ்கோர் போர்டு... இவ்வளவு போதும்.

சென்னை வீடுகளுக்கு இதில் என்ன?

மயிலாப்பூருக்குப் பக்கத்தில் ஆழ்வார்ப்பேட்டை கஸ்தூரி ரங்கா சாலையில் இருக்கிறது ரஷ்ய கலாச்சார மையம். மேனுவல் ஆரோன் 1972-ல் தொடங்கிய தால் செஸ் கிளப் இயங்கியது அந்த மையத்தின் நிழலில்தான். சிறுவன் ஆனந்த் காய் நகர்த்திப் பழகிய கிளப் அது. இன்று சென்னையில் வார இறுதி என்றால் ஏதோ ஒரு பள்ளி ஹாலில் குழந்தைகளுக்கான செஸ் போட்டி நடக்கிறது. ஹாலுக்கு வெளியே டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலுமாக அப்பா, அம்மாக்கள். குழந்தை வெளியே வந்ததும் கேட்கப்படும் முதல் கேள்வி: "ஜெயிச்சியா?" அடுத்தது: "அந்த மூவ் கூடவா தெரியல?"

தெரியாமல்தான் போகும் என்பதே இத்தனை ஆய்வுகளும் சொல்வது. வீட்டில் பொறுமையாக உட்கார்ந்தால் பத்து விநாடியில் கண்டுபிடிக்கும் நகர்வை, 'தோற்றால் என்ன சொல்வார்கள்' என்று பயந்துகொண்டு ஆடும் ஒரு பத்து வயதுப் பிள்ளை பார்க்காமல் விடலாம். பயிற்சி போதவில்லை என்று இன்னொரு கோச்சிங் கிளாஸில் சேர்ப்பதற்கு முன், டார்ச்சின் வட்டத்தைச் சுருக்குவது யார் என்று ஒரு தடவை யோசிப்பது நல்லது.

குகேஷின் கதையே இதற்குப் பொருந்தும். 2022 ஆகஸ்ட், மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட். 16 வயது குகேஷ் தொடர்ந்து 8 ஆட்டங்களை ஜெயித்து உலகத்தை அசரவைத்தார். 10-வது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தாரோவுக்கு எதிராக, ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைக் கைநழுவவிட்டுத் தோற்றார். தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது. இந்தியாவின் இரண்டாவது அணிக்கு வெண்கலம். தலையைக் கையில் தாங்கியபடி அவர் உட்கார்ந்திருந்த காட்சியைப் பலரும் மறக்கவில்லை.

அதன் பிறகு அவர் காய் நகர்த்தலை மட்டும் பழகவில்லை. உலக சாம்பியன்ஷிப்புக்கு முன், 2011-ல் உலகக் கோப்பை வென்ற இந்திய கிரிக்கெட் அணியுடன் பணியாற்றிய மனநலப் பயிற்சியாளர் பேடி அப்டனுடன் சேர்ந்து மனதையும் தயார்படுத்தினார். சிங்கப்பூரில் முதல் ஆட்டமே தோல்வி. 12-வது ஆட்டத்திலும் தோல்வி. இருந்தும் 14-வது ஆட்டத்தில், வேறு நகர்வுக்குக் கிட்டத்தட்ட கை போன பிறகும், அவரால் ஒரு கணம் நின்று பலகையைத் திரும்பப் பார்க்க முடிந்தது. அந்த ஒரு கணம்தான் அவரை உலகின் மிக இளைய சாம்பியன் ஆக்கியது.

டிங் கைகொடுத்துவிட்டுப் போனார். குகேஷ் அழுதார். அழுதுகொண்டே, வழக்கம்போல, சிதறிக் கிடந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் கட்டத்தில் திரும்ப அடுக்கிவைத்தார்.